நெட்டிப் பேய்

ஆகஸ்ட் 5, திங்கள்

இன்று முதல் இந்த நாட்குறிப்பில் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். கூட்டமாட்டேன், குறைக்கமாட்டேன், எனக்குச் சாதகமாக எதையும் மாற்றமாட்டேன். இது அப்பாவுக்கு ஒரு ஹார்டுவேர் கடையில் கொடுத்த போன வருடத்து டைரி. கிழமைகளை அடித்துத் திருத்தித்தான் எழுதுகிறேன். ஆகவே கிழமையில் தவறு இருக்கலாம். மற்றதில் இருக்காது.

காரணம், மாதக் கடைசியில் வரும் பள்ளி இலக்கிய மன்ற விழா. பதினொன்றாம் வகுப்பிலிருந்து ஒருத்தி மேடையில் கட்டுரை வாசிக்க வேண்டும். தலைப்பை எங்கள் விருப்பத்துக்கே கோகிலம் மிஸ் விட்டுவிட்டார். மற்றவர்கள் மரம் வளர்ப்பது, நூலகம், பெண் கல்வி என்று கொடுத்தார்கள். நான் ‘பேய்ப்படம் பார்த்து நாம் ஏன் பயப்படுகிறோம்?’ என்று எழுதிக் கொடுத்தேன். மிஸ் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, “பொற்செல்வி, நீயா பேய்ப்படம் பாக்குற?” என்றார். ஆராய்ச்சிக்காக மிஸ் என்றேன். வகுப்பு சிரித்தது. பக்கத்தில் உட்காரும் மெர்லின் மட்டும், அவள் அண்ணனின் பழைய செல்போனில் நிறைய பேய்ப்படம் இருப்பதாகவும் அதைத் தருவதாகவும் சொன்னாள்.

ஆராய்ச்சிக்கு ஒழுங்கு வேண்டும். பார்க்கும் ஒவ்வொரு படத்திலும் எந்த இடத்தில் பயந்தேன், அந்தப் பேய் எதைக் குறிக்கிறது என்று இதில் குறித்து வைப்பேன்.

வீட்டு நிலவரம்: சாலிகிராமத்தில் மாடி வீடு. ஓர் அறை, தடுப்புக்கு அந்தப் பக்கம் சமையல் இடம். அப்பா தண்ணீர் கேன் வண்டி ஓட்டுகிறார். அம்மா படப்பிடிப்புகளுக்குச் சாப்பாடு செய்யும் மெஸ்ஸில் காய் நறுக்குகிறாள். அம்மாவைப் பற்றி வேறு எதுவும் கட்டுரைக்குத் தேவைப்படாது.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

முதல் படம் பார்த்தேன். ஒரு பங்களா, புதுமணத் தம்பதி, பூட்டிய அறை. கதவு திறந்தபோது பயப்படவில்லை. திறக்கப் போகிறது என்று காத்திருந்தபோதுதான் பயந்தேன். பயம் பொருளில் இல்லை, காத்திருப்பதில் இருக்கிறது. இது நல்ல வாக்கியம், கட்டுரையில் சேர்க்க வேண்டும்.

பேய் எதைக் குறிக்கிறது? நம் படங்களில் பேய் அநேகமாகப் பெண். விரித்த தலை, உரத்த சிரிப்பு, ராத்திரியில் தனியாக நடப்பது. யோசித்தால் இவையெல்லாம் எங்களைச் செய்யாதே என்று சொல்லும் காரியங்கள். இரட்டைச் சடை போடாமல் வந்தால் எங்கள் பி.டி. மிஸ் வெயிலில் நிறுத்துவார். பேய்க்கு அந்தத் தொல்லை இல்லை.

பேயின் முகத்தில் ஒரு பக்கம் வெந்ததுபோல ஒப்பனை செய்திருந்தார்கள். இது எல்லாப் படத்திலும் இருப்பதுதான். குறிப்பிடத் தேவையில்லை.

காலையில் கிளம்பும்போது அம்மா வழக்கம்போல என் முகத்தை வழித்து நெட்டி முறித்தாள். நேரமாகிவிட்டது என்று நான் நெளிந்தேன். எல்லா விரலும் உடைந்தால் அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். “பாரு, ஊர்க் கண்ணு பூரா உம்மேலதான்” என்பாள். யார் என்னைப் பார்க்கிறார்கள் என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 8, வியாழன்

ஒரு கண்டுபிடிப்பு. மெர்லின் கொடுத்த போனில் ஒலிபெருக்கி திடீரென்று வேலை செய்யாமல் போனது. இரண்டாவது படத்தைச் சத்தமே இல்லாமல் பார்த்தேன். பயமே வரவில்லை. கிணற்றிலிருந்து ஏறி வரும் பெண் ஈரப் புடவையோடு கஷ்டப்பட்டு ஏறிக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். யாராவது கை கொடுக்கலாமே என்று தோன்றியது. கண்ணை மூடிக்கொண்டால் பயம் போகாது. காதை மூடிக்கொண்டால் போய்விடும்.

பிறகு போனைத் தட்டினேன். ஒலி வந்துவிட்டது.

ஆகஸ்ட் 9, வெள்ளி

கட்டுரைக்குத் தேவைப்படாது என்று எழுதியது சரியில்லை என்று தோன்றுகிறது. சொல்லிவிடுகிறேன்.

அம்மா ஒரு படத்தில் நடித்திருக்கிறாள். அது இன்று வெளியாகிறது. பேய்ப்படம்.

போன வருடம் மெஸ்ஸில் காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது அந்தப் படத்தின் உதவி இயக்குநர் ஒருவர் பார்த்து, இயக்குநரைக் கூட்டி வந்து காட்டினாராம். அம்மாவுக்கு வலது கன்னத்திலிருந்து கழுத்து வரை வெந்த தழும்பு உண்டு. அந்தப் பக்கத்து இமை முழுதாக மூடாது. எனக்கு ஒரு வயது இருக்கும்போது கல்யாணச் சமையல் ஒன்றில் எண்ணெய்ச் சட்டி சரிந்து பட்டது. யாரையும் காப்பாற்றப் போய்ப் பட்டதல்ல. சினிமா என்றால் அப்படி வைத்திருப்பார்கள். அதற்குப் பிறகு அவளைப் பந்தியில் பரிமாற விடுவதில்லை. காய் நறுக்கும் இடத்தோடு சரி.

“ஒரு அம்மா வேஷம் பாப்பா. செத்துப்போன அம்மா. ராத்திரி வந்து புள்ளையப் பாத்துட்டுப் போறா. பேய்தான், ஆனா கெட்டது பண்ற பேயில்ல” என்று அக்கம்பக்கத்தில் சொன்னதையே இன்றும் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை மூவரும் போகிறோம். அம்மா இப்போதே புடவையை இஸ்திரி போட்டு வைத்துவிட்டாள்.

பள்ளியில் யாருக்கும் நான் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

படம் பார்த்தோம். ஏசி அதிகம். அம்மா வரும் காட்சி சின்னது. நன்றாக நடித்திருந்தாள். வரும் வழியில் அப்பா பரோட்டா வாங்கித் தந்தார். இரவு படிக்க வேண்டியிருந்ததால் விளக்கை அணைக்கவில்லை.

ஆகஸ்ட் 12, திங்கள்

நேற்று எழுதியதில் சிலவற்றை விட்டுவிட்டேன்.

பேருந்தில் போகும்போது அம்மா எப்போதும் முந்தானையை இழுத்து வலப் பக்கம் மறைத்துக்கொள்வாள். நேற்று மறைக்கவில்லை. காதோரம் மல்லிகைச் சரம் தொங்க, நேராக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். எதிர் இருக்கைக் குழந்தை அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. அவளும் அதைப் பார்த்துச் சிரித்தாள். நான் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தியேட்டரில் அப்பா, நான், அம்மா என்ற வரிசையில் உட்கார்ந்தோம். காட்சி வந்தது. இருட்டறை, கட்டிலில் ஒரு சின்னப் பெண் தூங்குகிறாள். கதவோரம் அம்மா. ஒப்பனையே இல்லை. அவள் முகம்தான், ஆனால் சுவர் அளவுக்கு. கீழேயிருந்து நீல வெளிச்சம். மெதுவாக வந்து குழந்தையின் காலில் போர்வையை இழுத்துவிட்டாள். பிறகு இரண்டு கைகளையும் அதன் முகத்தின் மேல் கொண்டுபோய், தன் நெற்றிப் பொட்டில் வைத்து அழுத்தினாள். விரல்கள் முறிந்தன. அந்தச் சத்தத்தை எலும்பு உடைவது மாதிரி ஆக்கியிருந்தார்கள். அடுத்த நொடியில் குழந்தையின் கழுத்து பின்பக்கமாகத் திரும்பியிருந்தது.

தியேட்டர் முழுக்க அலறியது. பின் வரிசையில் ஒருவன் கெட்ட வார்த்தை சொல்லி, “மூஞ்சப் பாரேன்டா” என்றான்.

அம்மா சொன்னது ஒன்று மட்டும். அதையும் எங்களிடம் சொல்லவில்லை, திரையைப் பார்த்துச் சொன்னாள். “கழுத்து எதுக்குத் திரும்புது? நான் கழுத்துல கையே வெக்கலியே.”

இடைவேளை விளக்குகள் எரிந்தபோது முந்தானையை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டாள்.

இப்போது எல்லாம் எழுதிவிட்டேன்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

எல்லாம் எழுதவில்லை. அலறியவர்களில் நானும் உண்டு. அலறியபோது பயப்படாதே என்று அம்மாவின் கை இருட்டில் என் தோளுக்கு வந்தது. அதைத் தட்டிவிட்டேன். தெரியாமல் தட்டியது என்று எழுதப் பார்க்கிறேன், பேனா வரமாட்டேன் என்கிறது.

பள்ளியில் பாதிப் பேர் படம் பார்த்துவிட்டார்கள். அந்தப் பேய்க்கு ஒரு பெயரும் வைத்தாயிற்று. நெட்டிப் பேய். யாராவது குனிந்து எழுதிக்கொண்டிருந்தால் பின்னாலிருந்து போய் முகத்தைத் தடவி நெட்டி முறிக்கிறார்கள். பயந்து கத்தினால் எல்லோரும் சிரிக்க வேண்டும். மெர்லின் அதற்கு முகத்தையும் ஒரு பக்கமாக இழுத்துக் காட்டுகிறாள். அவளுக்கு அது வரவில்லை. எனக்குத் தெரியும்.

விளக்கு எரிகிறது. வேதியியல் படிக்கிறேன். அம்மா புரண்டு புரண்டு படுத்துவிட்டு, பாயைச் சுருட்டிக்கொண்டு தடுப்புக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள். “வெளிச்சத்துல தூக்கம் வரல பாப்பா, நீ படி” என்றாள்.

ஆகஸ்ட் 14, புதன்

சாப்பாட்டை வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டுப் போனேன். மதியம் வகுப்பு ஜன்னல் திட்டில் பை இருந்தது. தயிர்சாதமும் வெண்டைக்காயும். வேறொன்றும் நடக்கவில்லை.

ஆகஸ்ட் 15, வியாழன்

கொடியேற்றம், மிட்டாய். இரட்டைச் சடைக்கு வெள்ளை ரிப்பன்.

கிளம்பும்போது வாசலில் அம்மா முன்னால் வந்து நின்றாள். கைகள் பாதி வரை எழுந்தன. பிறகு என் தோளில் இல்லாத தூசியைத் தட்டிவிட்டு, “போய்ட்டு வா” என்றாள். நேரமாகிவிட்டது என்று நினைத்திருப்பாள்.

நேரமாகவில்லை.

ஆகஸ்ட் 16, வெள்ளி

இன்றும் முறிக்கவில்லை.

ஆகஸ்ட் 17, சனி

புதன்கிழமைப் பக்கத்தை மூன்று நாளாகத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். ‘வேறொன்றும் நடக்கவில்லை’ என்று என் கையெழுத்தில்தான் இருக்கிறது.

நடந்தது இது. கணக்கு மிஸ் வரவில்லை. மெர்லின் மேசைக்கு முன்னால் நின்று நெட்டிப் பேய் செய்துகொண்டிருந்தாள். விரலே உடையவில்லை. “நீ செய்றது கொசு அடிக்கிற மாதிரி இருக்குடி” என்று யாரோ சொன்னார்கள். நான் எழுந்து போனேன். ஏன் போனேன் என்று யோசித்துப் பார்த்தேன். எப்போதும் என்னைப் படிப்ஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றை அவர்கள் தப்பாகச் செய்துகொண்டிருந்தார்கள். அதைத் திருத்த வேண்டும் என்பதுபோல இருந்தது.

நான் செய்தேன். தலையைக் கொஞ்சம் சாய்த்து, வலது இமையைப் பாதியில் நிறுத்தி, உதட்டை ஒரு பக்கம் இழுத்து, ஒரு காலைத் தேய்த்து நடந்து. அம்மாவுக்குக் காலில் ஒன்றும் இல்லை. அது நான் சேர்த்தது. மெர்லின் முகத்தைத் தடவி நெட்டி முறித்தேன். எல்லா விரலும் உடைந்தன. வகுப்பு பெஞ்சைத் தட்டிச் சிரித்தது. “ஐயோ, அப்படியே இருக்கடி” என்று மெர்லின் கட்டிக்கொண்டாள்.

சந்தோஷமாக இருந்தது. உண்மையை எழுதுவதாகச் சொன்னதால் அதையும் எழுதுகிறேன்.

திரும்பியபோது பை ஜன்னல் திட்டில் இருந்தது.

அம்மா எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தால் வாசலில் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுப் போய்விடுவாள். ஆறாம் வகுப்பில் அவளைப் பார்த்து ஒரு சின்னப் பிள்ளை அழுதது. அன்று நான்தான் அப்படிச் செய்யச் சொன்னேன். அவளும் அதற்குப் பிறகு உள்ளே வந்ததில்லை. பெற்றோர் கூட்டத்துக்கெல்லாம் அப்பாதான். வாட்ச்மேனிடம் கேட்டேன். அவருக்குச் சாப்பாட்டு நேரமாம், யாரையும் பார்க்கவில்லையாம். வாசலில் யாரும் இல்லாததால் அவளே மாடி ஏறி வந்திருக்கிறாள்.

சாயங்காலம் இரண்டு பேரும் வெண்டைக்காய் நன்றாக இருந்ததா என்பதைப் பற்றி மட்டும் பேசினோம்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

ஏஜென்ட் ஒருவர் போன் செய்தார். இன்னொரு பேய்ப்படம். ‘அதே அம்மா’ வேண்டுமாம். அம்மா அப்புறம் சொல்வதாக வைத்துவிட்டு, பீன்ஸைக் கிள்ளிக்கொண்டே என்னிடம் கேட்டாள், “போகவா பாப்பா? நீ சொல்லு. படிச்ச புள்ள.”

போன படத்தில் என்ன செய்யச் சொன்னார்கள் என்று கேட்டேன், ஆராய்ச்சிக்குக் கேட்பதுபோல.

அம்மா சொன்னது: காலையிலிருந்து உட்கார வைத்திருந்தார்கள். சாயங்காலம்தான் கூப்பிட்டார்கள். கட்டிலில் படுத்திருந்த குழந்தை நிஜமாகவே தூங்கிப் போயிருந்தது. எழுப்ப வேண்டாம் என்று இயக்குநர் சொன்னார். வசனம் கிடையாது. “எனக்கு நடிக்கத் தெரியாது சார்னு சொன்னேன். அதுக்கு அவரு, நடிக்கவே வேணாம்மா, ராத்திரி உங்க புள்ள தூங்குறப்ப வீட்டுல என்ன பண்ணுவீங்களோ அதப் பண்ணுங்கன்னாரு. நான் உன்ன நெனச்சுதான் பண்ணேன்.”

பிறகு சொன்னாள், “ஒரே டேக்கு. எல்லாரும் கை தட்டுனாங்க தெரியுமா.”

நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். தாகம் எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

அந்தக் காட்சியை மட்டும் யாரோ வெட்டி அனுப்பியிருக்கிறார்கள். எல்லோர் போனிலும் சுற்றுகிறது. மெர்லினிடம் வாங்கி, ஒலியை அடைத்துவிட்டுப் பார்த்தேன்.

ஒரு பெண் கதவோரம் வருகிறாள். கால் சத்தம் கேட்கக் கூடாது என்று பார்த்துப் பார்த்து வைக்கிறாள். மெதுவாக நடப்பது அதனால்தான், பயமுறுத்த அல்ல. போர்வைக்கு வெளியே நீட்டிய காலைப் பார்க்கிறாள், மூடுகிறாள். காலை மூடிய பிறகு கட்டைவிரலை ஒரு முறை பிடித்துவிட்டு விடுகிறாள். அதைத் தியேட்டரில் நான் கவனிக்கவே இல்லை. எனக்கு அதைச் செய்வாள். தூங்குவதுபோல நடித்துக்கொண்டு எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். பிறகு குழந்தையின் கண்ணேறு எல்லாவற்றையும் இரண்டு கையாலும் வழித்தெடுத்து, தன் தலையில் வைத்து முறித்துக்கொள்கிறாள்.

அதற்குப் பிறகு வருவது வேறு யாரோ எடுத்துச் சேர்த்தது.

சத்தம் இல்லாமல் பார்த்தால் அதில் பயப்பட ஒன்றுமே இல்லை. முகம் இருக்கிறது. அதையும் ஒழுங்காகப் பார்த்தேன். வீட்டில் அப்படிப் பார்த்ததில்லை. வீட்டில் அந்தப் பக்கம் என் கண் போகாமல் இருக்கப் பழகியிருக்கிறேன். நான் அவளுடைய இடப் பக்கமாகவே உட்காருவேன், சாப்பிடும்போதும். அது பழக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

கட்டுரையை முழுக்க மாற்றி எழுதிக் கொடுத்தேன். கோகிலம் மிஸ் வகுப்பில் சத்தமாகப் படித்தார். ‘படத்தில் வரும் பூதங்களை யாரும் வானத்திலிருந்து கொண்டுவரவில்லை. நாம் பார்க்க விரும்பாத முகங்களுக்குத்தான் பேய் என்று பெயர் வைக்கிறோம். அவை நம்மை நோக்கி நடந்து வருவதால் பயப்படவில்லை. நாம் அவற்றிடமிருந்து திரும்பிக்கொண்டதை அவை பார்த்துவிட்டன என்பதால் பயப்படுகிறோம்.’ இந்த இடத்தில் மிஸ் நிறுத்தி, யாராவது எழுதிக் கொடுத்ததா என்று கேட்டார். நானே எழுதியது என்றேன். என்னைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

மெர்லின் முகம் சின்னதாகப் போனது. இடைவேளையில் வந்து, “நாம ரொம்ப ஓவரா பண்ணிட்டோம்ல” என்றாள். ஆமாம் என்றேன். அந்தப் பேயாக நடித்தது யார் என்று அப்போதும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 26, திங்கள்

விழாவுக்குப் பெற்றோர் வரலாம். அப்பாவிடம் சொன்னேன். தண்ணீர் கேன் இறக்கும் இடத்துக்கே போய்ச் சொன்னேன், வீட்டில் சொல்லாமல்.

ஆகஸ்ட் 28, புதன்

அம்மா பாய் இன்னும் அந்தப் பக்கம்தான். என் விளக்கு இந்தப் பக்கம் எரிகிறது. வேதியியலில் ஒரு பாடம்கூட முடிக்கவில்லை.

ஆகஸ்ட் 30, வெள்ளி

விழா நடந்தது. பயப்படாமல் வாசித்தேன். முடித்ததும் தலைமை ஆசிரியை எழுந்து நின்று கைதட்டினார். மூன்றாவது வரிசையில் அப்பா, தண்ணீர் கம்பெனி சட்டையோடு. பக்கத்து நாற்காலி காலி. வாசிக்கும்போது நான் அந்த நாற்காலியைப் பார்த்துத்தான் வாசித்தேன். அங்கே யாரும் இல்லாதது வசதியாக இருந்தது. இதைவிடக் கேவலமாக ஒன்றை இந்த டைரியில் நான் எழுதவில்லை.

அப்பாவுக்கு ரகசியம் தங்காது. வீட்டுக்குள் வந்ததும், “உம் பொண்ணு பேசுனதுக்கு ஸ்கூலே எந்திரிச்சு நின்னுச்சு, தெரியுமா” என்று ஆரம்பித்து, பாதியில் புரிந்து, செருப்பைக் கழற்றப் போனார்.

அம்மா கத்திரிக்காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. எப்போ, எங்கே என்று கேட்கவில்லை. “எனக்குப் படிச்சுக் காட்டு” என்றாள்.

மேடையில் வந்த குரல் வீட்டில் வரவில்லை. அம்மாவின் வலப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் கொஞ்சம் ஆச்சரியமாகப் பார்த்து, அரிவாள்மணையை நகர்த்தி இடம் விட்டாள். முதலிலிருந்து படித்தேன். இரட்டைச் சடை வரும் இடத்தில் சிரித்தாள். காதை மூடிக்கொண்டால் பயம் போய்விடும் என்ற இடத்தில், “அது நெஜம்தான்” என்றாள். முகங்கள் வரும் இடத்தைப் படித்து முடித்ததும் நறுக்கிய கத்திரிக்காயைத் தண்ணீரில் போட்டாள்.

“நல்லா எழுதியிருக்க. நாம நாமன்னு எழுதியிருக்கியே, அது யாரு?”

கட்டுரைகளில் அப்படித்தான் எழுதுவார்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

“நான்தாம்மா” என்றேன். “கிளாஸ்ல அன்னிக்கு நான்…”

“தெரியும். ஜன்னலாண்டதான் நின்னேன்.”

அப்பா தண்ணீர் பிடிக்கப் போவதாகச் சொல்லிக் குடத்தோடு கீழே இறங்கிவிட்டார். குடம் ஏற்கெனவே நிறைந்திருந்தது. போகிற வழியெல்லாம் தளும்பிக்கொண்டு போனது.

எனக்கு அழுகை வந்தது. அழுதால் அவள் சமாதானம் செய்ய வேண்டியிருக்கும், அதற்கும் அவள்தானா என்று அடக்கிக்கொண்டேன். தியேட்டரில் கையைத் தட்டிவிட்டதைச் சொன்னேன். பேருந்தில் ஜன்னலைப் பார்த்ததைச் சொன்னேன். இடப் பக்கமே உட்காருவதைச் சொன்னேன். அது தனக்குத் தெரியும் என்றாள். வாட்ச்மேனிடம் கொடுக்கச் சொன்ன நாளில் கொஞ்சம் வலித்ததாம், அப்புறம் பழகிவிட்டதாம். ஜன்னலில் நின்ற நாள் மட்டும் பழகவில்லை என்றாள். மாடிப்படியில் இறங்கி உட்கார்ந்துவிட்டாளாம். ஒரு பொண்ணு வந்து தண்ணீர் பாட்டில் கொடுத்தாளாம், முகத்தைப் பார்த்தும் கொடுத்தாளாம்.

நான் மன்னிப்பு என்ற சொல்லைச் சொன்னேனா என்று நினைவில்லை. சொல்லியிருந்தாலும் அது அங்கே மிகச் சின்னதாக இருந்திருக்கும்.

அம்மா கையைக் கழுவி, முந்தானையில் துடைத்தாள். என்னையே பார்த்தாள்.

“ஆனா ஒண்ணு. நீ பண்ணது தப்பு.”

“தெரியும்மா.”

“அதச் சொல்லல. கை தப்பு. காலுல எனக்கு என்னாடி நோவு, இழுத்து இழுத்து நடந்த? நெட்டிய அப்படிக் குத்துற மாதிரியா முறிப்பாங்க? வெரல மடக்கி, வெளிப்பக்கம் பொட்டுல வெக்கணும். மெத்துனு. எனக்கு அவ்ளோ சத்தம் வராது.”

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டும் சேர்ந்து ஏதோ ஒரு சத்தம் வந்தது.

“காட்டும்மா” என்றேன்.

அவள் யோசித்தாள். “பயந்துக்க மாட்டியே?” கேலியாகத்தான் கேட்டாள். ஆனால் பதில் வரும்வரை கையைத் தூக்கவில்லை.

மாட்டேன் என்றேன். கண்ணை மூடாமல் உட்கார்ந்தேன். கத்திரிக்காய் வாசனையோடு இரண்டு உள்ளங்கைகள் நெற்றியிலிருந்து கன்னம் வழியாகத் தாடை வரை வந்தன. அவள் முகம் முழுதும் எதிரே இருந்தது, மூடாத இமையும் சேர்ந்து. பார்த்தேன். நெட்டி முறிந்தது. நிஜமாகவே சின்னச் சத்தம்தான். ஒரு விரல் உடையவே இல்லை. அதைத் திரும்ப வைத்து அழுத்திப் பார்த்தாள்.

“கண்ணு கொறஞ்சிருச்சு போல” என்றாள்.

அந்த ஏஜென்டுக்கு என்ன சொல்லப் போகிறாள் என்று கேட்டேன். கழுத்தைத் திருப்பாத படமாக இருந்தால் வருகிறேன் என்று சொல்லிவிட்டாளாம். அப்படிப் படம் யார் எடுப்பார்கள் என்று தெரியவில்லை.

அடுத்த மாதம் பெற்றோர் கூட்டம் இருக்கிறது. நீ வாம்மா என்றேன். மெஸ்ஸில் லீவு கேட்டுப் பார்க்கிறேன் என்றாள். வருவாள் என்றே நினைக்கிறேன். வந்து, முந்தானையை இழுத்துக்கொள்ளாமல் வகுப்பு வாசலில் நின்றால், மெர்லினும் மற்றவர்களும் திரும்பிப் பார்த்தால், அந்த நொடியில் என் முகம் எப்படி மாறும் என்று எனக்கு இன்னும் தெரியாது. தைரியமாக எழுந்து போவேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. நடந்த பிறகு எழுதுகிறேன்.

அம்மா பாயை இந்தப் பக்கம் கொண்டுவந்து போட்டிருக்கிறாள். “லைட்டு எரியட்டுமா, படிக்கணுமா?” என்று கேட்கிறாள்.

ஆகஸ்ட் 31, சனி, காலை

நேற்று இரவு விளக்கை அணைத்துவிட்டுத் தூங்கினோம்.